முகம் விழவில்லை

சென்ற ஆண்டு அத்தைக்குத் துணையாக ஐரோப்பாவின் ஒரு பெரிய விமான நிலையத்தில் போய் இறங்கினேன். அத்தைக்கு அறுபத்தெட்டு வயது. தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி அந்த நாட்டுக்குப் போய், முப்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே உழைத்து, குடியுரிமையும் பெற்றவர். ஊருக்கு வந்த இடத்தில் உடம்பு முடியாமல் போய், நான்கு மாதம் சிகிச்சை எடுத்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தார். என்னிடம் இருந்தது இந்திய பாஸ்போர்ட். அதனால் வளைந்து வளைந்து போகும் நீண்ட வரிசையில் நின்றேன். அவரிடம் அந்த நாட்டின் சிப் வைத்த பாஸ்போர்ட். அவருக்குக் கண்ணாடிக் கதவுகள் வரிசையாக நிற்கும் தானியங்கிப் பக்கம். “நீ வெளியே வர்றதுக்குள்ள நான் பெட்டியெல்லாம் எடுத்து வச்சிடுறேன்” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

என் வரிசையிலிருந்து அவர் நன்றாகத் தெரிந்தார். தரையில் வரைந்திருந்த பாதங்களின் மேல் சரியாகக் கால் வைத்து நின்றார். பாஸ்போர்ட்டைக் கண்ணாடிப் பலகையில் கவிழ்த்தார். முன்னால் இருந்த திரை சிவப்பானது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி நின்றார். மறுபடி சிவப்பு. பிறகு செய்ததுதான் என் மனதை விட்டு நீங்கவில்லை. சேலைத் தலைப்பை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். நெற்றிப் பொட்டை எடுத்துக் கைப்பையில் ஒட்டிக்கொண்டார். முகம் அழுக்காக இருக்கிறது, அதைச் சுத்தம் செய்துவிட்டால் கதவு திறந்துவிடும் என்பதுபோல. மூன்றாவது முறையும் சிவப்பு. பக்கத்துக் கதவுகளில் ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். சீருடைக்காரர் ஒருவர் வந்து ஒரு வார்த்தை பேசாமல் ஓரத்திலிருந்த கவுண்டரைக் கைகாட்டினார்.

கவுண்டரில் இருந்த அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், அனுப்பிவிட்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அந்தக் கவுண்டருக்கு முன்னால் இப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ஏற்கெனவே பலர் நின்றதால் காத்திருப்பு நீண்டது. பெட்டிகளை நான்தான் எடுத்து வைத்தேன். வெளியே வந்ததும் அவர் சொன்னது: “எனக்கு முகம் விழலையாம்டா.”

அது ஊர் வார்த்தை. நம் ரேஷன் கடைகளில் தினமும் கேட்கும் வார்த்தை. நாற்று நட்டும் பாத்திரம் தேய்த்தும் சிமென்ட் கலந்தும் வழுவழுப்பாகிப்போன விரலைக் கருவியின் மேல் வைத்து வைத்து எடுப்பார்கள். “பாட்டி, உங்களுக்கு ரேகை விழல, நாளைக்கு வாங்க” என்று பதில் வரும். கருவி படிக்கவில்லை என்று யாரும் சொல்வதில்லை. பாட்டிக்கு ரேகை விழவில்லை. அந்த வாக்கியத்தில் இயந்திரமே கிடையாது. பாட்டியும் அவருடைய விரலும் மட்டும்தான் இருக்கிறார்கள். அதே வாக்கியம் இப்போது முகத்துக்கு வந்துவிட்டது. சென்னையிலும் திருச்சியிலும் குடியுரிமைச் சோதனைக்கு இந்த வாயில்கள் வந்துவிட்ட நிலையில், குற்றம் முகத்தில் இல்லை என்பதை இப்போதே உரக்கச் சொல்லியாக வேண்டும் என்று நினைக்கிறேன்.

வாயிலுக்குள் நடப்பது மந்திரம் ஒன்றுமில்லை. கவிழ்த்து வைத்த பக்கத்தின் அடியில் இரண்டு வரி எழுத்தும் எண்ணும் இருக்கின்றன அல்லவா, கருவி முதலில் அதைப் படிக்கிறது. பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதி தேதி மூன்றையும் சேர்த்துச் சிப்பைத் திறக்கும் சாவியை உண்டாக்குகிறது. சிப்புக்குள் நம் புகைப்படம் இருக்கிறது. அதைத் தந்த அரசின் மின்கையொப்பமும் இருக்கிறது. கையொப்பம் சரி என்றால் படத்தில் யாரும் கை வைக்கவில்லை என்று பொருள். பிறகு எதிரே உள்ள கேமரா நம்மைப் படம் பிடிக்கிறது. மென்பொருள் இரண்டு படங்களையும் இரண்டு எண் வரிசைகளாக மாற்றி ஒப்பிட்டு, எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று ஒரு மதிப்பெண் போடுகிறது.

கவனிக்க வேண்டியது அந்த மதிப்பெண்ணை. இயந்திரத்துக்கு ‘இவர்தான்’, ‘இவர் இல்லை’ என்று எதுவும் தெரியாது. தேர்வுத்தாள் திருத்துவதுபோல ஒரு மதிப்பெண், அதற்கு ஒரு தேர்ச்சிக் கோடு. கோட்டுக்கு மேலே இருந்தால் கதவு திறக்கும். கோட்டை எங்கே போடுவது என்று ஏதோ ஓர் அலுவலகத்தில் சில மனிதர்கள் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். மீன்வலையின் கண்போலத்தான் இது. கண்ணைச் சிறிதாக்கினால் அடுத்தவர் பாஸ்போர்ட்டில் வருபவர் சிக்குவார், அத்தையும் சிக்குவார். பெரிதாக்கினால் இருவருமே போய்விடுவார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் காவல் அமைப்பான ஃப்ரன்டெக்ஸ் இந்த வாயில்களுக்கென வெளியிட்ட தொழில்நுட்ப வழிகாட்டி இந்தக் கோட்டை எண்களாகவே சொல்கிறது. ஆள்மாறாட்ட முயற்சிகளில் ஆயிரத்தில் ஒன்றுக்கு மேல் தப்பிவிடக் கூடாது. அந்தக் கண்டிப்பில், நேர்மையான பயணிகளில் 5 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பப்படக் கூடாது. முந்நூறு பேர் வரும் ஒரு விமானத்தில் 5 சதவீதம் என்றால் பதினைந்து பேர். அந்தப் பதினைந்து பேர் எந்தத் தவறும் செய்யாதவர்கள் என்பது வடிவமைத்தவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். பாதுகாப்புக்கான விலை என்று தெரிந்தேதான் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். அப்படி ஏற்பதில் எனக்குச் சண்டை இல்லை. விலையைக் கொடுக்கப்போவது யார் என்பதில்தான் சண்டை.

அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2019 டிசம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. 99 நிறுவனங்களின் 189 மென்பொருள்களை, சுமார் 85 லட்சம் மனிதர்களின் 1 கோடியே 82 லட்சம் படங்களைக் கொண்டு சோதித்திருந்தார்கள். ஒருவரை இன்னொருவராக ஏற்றுவிடும் பிழை, பல மென்பொருள்களில், ஐரோப்பிய முகங்களைவிட ஆசிய, ஆப்பிரிக்க முகங்களுக்குப் பத்து மடங்கு முதல் நூறு மடங்குவரை கூடுதலாக இருந்தது. அத்தைக்கு நேர்ந்தது இதற்கு நேரெதிர்ப் பிழை, அதாவது ஒரே மனிதரை வேறு ஆள் என்று மறுப்பது. எல்லைச் சாவடிகளில் அவசரமாக எடுக்கப்படும் தரம் குறைந்த படங்களில் இந்த மறுப்பு ஆப்பிரிக்காவிலும் கரீபியத் தீவுகளிலும் பிறந்தவர்களுக்கு அதிகம் என்றும், முதியவர்களிடம் அது இன்னும் கூடுகிறது என்றும் அதே அறிக்கை சொல்கிறது. சீனாவில் உருவான மென்பொருள்கள் சில கிழக்காசிய முகங்களில் இப்படித் தடுமாறவில்லை என்பதையும் அதில் குறித்திருக்கிறார்கள். எந்த முகங்களைக் காட்டி வளர்த்தார்களோ அந்த முகங்களை அது நன்றாக அறிகிறது என்றே இதிலிருந்து எனக்குத் தோன்றுகிறது.

கேமராவின் கதை இதைவிடத் தெளிவானது. அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் சோதனைக் கூடத்தில் விற்பனையில் உள்ள பதினொரு முகப்பதிவுக் கருவிகளை முந்நூற்றுக்கும் மேற்பட்ட தன்னார்வலர்களைக் கொண்டு சோதித்து, 2019இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தோல் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று அளந்தே வைத்துக்கொண்டார்கள். தோல் கருமை கூடக் கூட, படம் எடுக்க நேரம் கூடியது. பொருத்த மதிப்பெண் குறைந்தது. ஆனால் எல்லாக் கருவிகளிலும் ஒரே அளவில் குறையவில்லை. நல்ல கருவிகளில் இந்த வேறுபாடு மிகச் சிறியது. மனிதர்கள் அதே மனிதர்கள், தோல் அதே தோல். கருவி நன்றாக இருந்தால் முகம் ‘விழுகிறது’. கருமையான முகத்துக்குப் போதிய வெளிச்சமும் சரியான ஒளியளவும் வேண்டும் என்பது நம் ஊர் கல்யாண போட்டோகிராஃபர் ஒவ்வொருவருக்கும் தெரிந்த பாடம். கோடிக்கணக்கில் விலை கொடுத்து வாங்கும் வாயிலுக்கு அது தெரியாமல் இருப்பதை ஏற்க முடியாது.

அத்தையின் விஷயத்தில் தோலோடு காலமும் சேர்ந்துகொண்டது. பாஸ்போர்ட்டில் இருந்தது எட்டு வருடத்துக்கு முந்தைய படம். அதன்பின் சர்க்கரையில் பதினைந்து கிலோ இளைத்திருந்தார். மேல்வரிசைப் பற்கள் போய்ப் பல்செட் வந்திருந்தது, அதனால் தாடையின் வாட்டமே மாறியிருந்தது. மருமகளிடம் காட்டினால் இரண்டும் அத்தைதான். பத்து வருடம் செல்லும் பாஸ்போர்ட்டை வயதானவர்கள் கையில் கொடுத்துவிட்டு, பத்து வருடமும் முகம் மாறாமல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

இதையெல்லாம் சொல்வதால் பழையபடி மனிதரே பார்க்கட்டும் என்று நான் வாதிடுவதாக நினைத்துவிட வேண்டாம். ஆஸ்திரேலியாவின் பாஸ்போர்ட் அதிகாரிகளை வைத்து 2014இல் வெளியான ஓர் ஆய்வு, எதிரே நிற்பவரையும் கையில் உள்ள படத்தையும் ஒப்பிடச் சொன்னது. வேறு ஆளின் படத்தோடு வந்தவர்களில் 14 சதவீதம் பேரைச் சரி என்று அனுப்பிவிட்டார்கள். பணி அனுபவம் கூடியதால் பிழை குறையவில்லை. அறிமுகமில்லாத முகத்தை ஒப்பிடுவதில் மனிதக் கண் நாம் நம்புகிற அளவுக்குக் கெட்டியானதல்ல. அதோடு, மனிதருக்குச் சலிப்பு உண்டு, தூக்கம் உண்டு, வெறுப்பும் உண்டு. கவுண்டரில் பெயரைப் பார்த்து முகம் சுளித்த அதிகாரிகளை நம்மில் பலர் சந்தித்திருக்கிறோம். இயந்திரம் அதைச் செய்யாது. அதை நான் மனமார வரவேற்கிறேன்.

வேகமும் கண்கூடு. பாஸ்போர்ட்டில் வைக்க வேண்டிய உடல் அடையாளமாக முகத்தைச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2003இல் தேர்ந்தெடுத்தது. எல்லா நாட்டு பாஸ்போர்ட்டிலும் படம் ஏற்கெனவே இருந்தது, யாரையும் தொட வேண்டியதில்லை, தேவைப்பட்டால் மனிதரும் பார்த்துச் சரிபார்க்கலாம். ஆஸ்திரேலியா 2007இல் பிரிஸ்பேனில் வாயில் திறந்தது, பிரிட்டன் 2008இல் மான்செஸ்டரில் சோதித்தது. திருச்சிக்காரர்களுக்குப் பக்கத்து ஊர்போலாகிவிட்ட சிங்கப்பூர் 2024இல் சாங்கி விமான நிலையம் முழுவதும் தன் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் பாஸ்போர்ட்டை நீட்டாமலே முகத்தையும் கண்ணையும் காட்டிப் போய்வர வழி செய்தது. ஒருவருக்கு 25 விநாடி ஆனது 10 விநாடியாகக் குறைந்ததாக அந்நாட்டு அதிகாரிகள் கணக்குச் சொல்கிறார்கள்.

இனி நம் கதைக்கு வருகிறேன். மத்திய உள்துறை அமைச்சகம் ‘நம்பிக்கைப் பயணி’ விரைவுக் குடியுரிமைச் சோதனைத் திட்டத்தை 2024 ஜூன் 22இல் டெல்லியில் தொடங்கியது. 2025 ஜனவரியில் சென்னை உள்ளிட்ட ஏழு விமான நிலையங்களுக்கு அது வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் திருச்சி, திருவனந்தபுரம், கோழிக்கோடு, லக்னோ, அமிர்தசரஸ் சேர்ந்தன. இந்தியக் குடிமக்களும் வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள் அட்டை வைத்திருப்பவர்களும் இணையத்தில் விண்ணப்பித்து, சரிபார்ப்பு முடிந்தபின் விரல்ரேகையும் முகப்படமும் கொடுக்க வேண்டும். பதிவு அதிகபட்சம் ஐந்து ஆண்டு அல்லது பாஸ்போர்ட் காலாவதி, எது முன்னால் வருகிறதோ அதுவரை செல்லும்.

திருச்சி விமான நிலையத்தில் விடியற்காலையில் நின்று பார்த்தவர்களுக்கு அங்கே யார் வரிசையில் நிற்கிறார்கள் என்று தெரியும். புதுக்கோட்டையிலிருந்தும் பெரம்பலூரிலிருந்தும் வேன் பிடித்து வந்தவர்கள். சிங்கப்பூரில் கட்டடம், துபாயில் சாலை, ஷார்ஜாவில் வெல்டிங். முதல்முறை போகும்போது பாஸ்போர்ட்டில் உள்ள படத்துப் பையன் கன்னம் உப்பி, தலைநிறைய முடியோடு இருப்பான். நான்கு வருட வெயிலுக்குப் பிறகு திரும்பி வருபவர் கன்னம் ஒட்டி, முன்னந்தலை ஏறி, இரண்டு நிறம் கறுத்து வருவார். விரல்ரேகை பாதி போயிருக்கும். இந்த வாயில் நன்றாக வேலை செய்தாக வேண்டியது இவருக்குத்தான். ஒரு வருடத்தில் பத்து முறை பறக்கும் கம்பெனி அதிகாரியின் முகத்தை வைத்துச் சோதித்துவிட்டு, எல்லோருக்கும் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிடக் கூடாது. எத்தனை பேர் வாயிலில் நின்றார்கள், எத்தனை பேர் மறுக்கப்பட்டார்கள், மறுக்கப்பட்டவர்களின் வயது என்ன, ஆணா பெண்ணா, எந்த விமான நிலையம் என்ற கணக்கை அமைச்சகம் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். இதில் யாருடைய பெயரும் வராது, தேசப் பாதுகாப்பு ரகசியமும் போகாது.

எனக்கு இன்னும் பெரிய கவலை ஒன்று உண்டு. கதவு மறுத்தால் வரும் அவமானம் ஒரு நாளோடு போய்விடும். கதவு திறந்தபின் அந்தப் படம் எங்கே போகிறது?

அத்தை நின்ற வகை வாயிலுக்கு நம் முகம் எந்த அரசுக் கணினியிலும் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. சிப்பில் உள்ள படம், எதிரே நிற்கும் முகம், இரண்டையும் அங்கேயே ஒப்பிட்டுவிட்டு இரண்டையும் மறந்துவிடலாம். படம் நம் சட்டைப்பையிலேயே இருக்கிறது. பதிவு செய்துகொள்ளும் திட்டங்களில் அப்படி இல்லை. முகம் முன்கூட்டியே ஒரு களஞ்சியத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. களஞ்சியம் என்று ஒன்று இருந்தால் அதற்கு வேறு உபயோகங்கள் தேடப்படும், ஒருநாள் அதற்குக் கள்ளச்சாவியும் வரும். அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறை சோதனை முயற்சியில் எடுத்த பயணிகளின் படங்களைத் துணை ஒப்பந்த நிறுவனம் ஒன்று தன் கணினிக்கு மாற்றிக்கொண்டது. 2019இல் அங்கிருந்து சுமார் 1,84,000 படங்கள் களவு போயின. சில படங்கள் இணையத்தின் இருட்டுச் சந்தையில் வெளிப்பட்டன. அந்தப் பயணிகளில் எத்தனை பேருக்குத் தங்கள் முகம் ஒப்பந்தக்காரரின் அலமாரி வரை போனது தெரிந்திருக்கும்?

ஐரோப்பாவும் இப்போது களஞ்சியத்தின் பக்கம்தான் சாய்கிறது. 2025 அக்டோபர் 12 முதல் 29 நாடுகளில் படிப்படியாக நடைமுறைக்கு வந்த நுழைவு-வெளியேற்றப் பதிவு முறையில், பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதில் வெளிநாட்டவரின் முகப்படம் பதிவாகிறது. மூன்று ஆண்டுகள் அது அங்கே இருக்கும். வெளியேறிய பதிவு இல்லையென்றால் ஐந்து ஆண்டுகள். நீளம் பிடிக்கிறதோ இல்லையோ, காலக்கெடு சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. நம்மிடம் 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களைச் சொல்லி எந்த அரசு அமைப்புக்கும் அதிலிருந்து விலக்கு அளிக்கும் அதிகாரத்தை அதன் 17ஆம் பிரிவு மத்திய அரசுக்கே கொடுத்திருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24இல் ஒருமனதாகச் சொன்ன நாட்டில், வாயிலில் கொடுத்த முகத்தை எந்த நாளில் அழிப்பார்கள் என்ற ஒரு வரி பயணியின் கையில் இருக்க வேண்டாமா?

நம்மால் முடியாத விஷயமும் அல்ல. இந்தியாவில் சிப் வைத்த மின்-பாஸ்போர்ட் வந்துவிட்டது. சென்னை மண்டல அலுவலகம் 2025 மார்ச்சில் அதை வழங்கத் தொடங்கியது. முகப்பு அட்டையில் பொன்னிறச் சின்னம் ஒன்று இருக்கும். எல்லோருடைய கையிலும் அது வரச் சில ஆண்டுகள் பிடிக்கும். வந்தபின், ஒப்பிட்டுவிட்டு மறக்கும் வாயிலை நாம் வைத்துக்கொள்ளலாம். இன்னொரு விதத்தில் நாம் ஏற்கெனவே சிலரைவிட மேல். இரண்டு பேரின் முகத்தைக் கணினியில் கலந்து ஒரே படமாக்கி பாஸ்போர்ட் வாங்கிவிட்டால், அதை வைத்து இரண்டு பேருமே வாயிலைக் கடக்க முடியும் என்று இத்தாலிய ஆய்வாளர்கள் 2014இலேயே காட்டினார்கள். விண்ணப்பதாரர் தானே படம் கொண்டுவரும் நாடுகளுக்கு இது பெரிய ஓட்டை. ஜெர்மனி 2025 மே மாதம்தான் காகிதப் படத்தை நிறுத்தி அதை அடைத்தது. நம் பாஸ்போர்ட் சேவா மையத்திலோ பெரியவர்களை நாற்காலியில் உட்காரவைத்து அங்கேயே படம் எடுக்கிறார்கள். அந்தக் கேமராவும் விளக்கும் கருத்த முகத்துக்கும் ஏற்றபடி இருந்துவிட்டால், வாயிலில் வரும் தகராறில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும்.

கவுண்டர் மட்டும் போகக் கூடாது. 2024 மே 7ஆம் தேதி மாலை பிரிட்டன் முழுவதும் தானியங்கி வாயில்கள் ஒரே நேரத்தில் நின்றுபோயின. நள்ளிரவு தாண்டும்வரை ஆயிரக்கணக்கானோர் கூடங்களில் காத்துக் கிடந்தார்கள், மேசையில் உட்கார்ந்திருந்த அதிகாரிகள் கையால் பார்த்து அனுப்பினார்கள். வாயில் வந்துவிட்டதே என்று ஆள் குறைக்கும் நிர்வாகத்துக்கு அந்த இரவை நினைவூட்ட வேண்டும். அன்றாடத்திலும் நூற்றுக்கு ஐந்து பேர் மறுக்கப்படுவார்கள் என்று தெரிந்தே கட்டிய வாயில் அது. அந்த ஐந்து பேருக்கு நாற்காலியும் அதிகாரியும் அதே வடிவமைப்பின் பகுதியாக இருக்க வேண்டும். அத்தையைக் கைகாட்டி அனுப்பியதுபோல் அனுப்பக் கூடாது.

திருச்சியில் சிவப்பு எரியும்போது திரையில் என்ன எழுத்து வர வேண்டும் என்று என்னைக் கேட்டால், தமிழில், பெரிய எழுத்தில், இதைப் போடச் சொல்வேன்: ‘இந்தக் கருவியால் உங்களை அடையாளம் காண முடியவில்லை. பக்கத்துக் கவுண்டருக்கு வாருங்கள். உங்களுக்காக அங்கே ஒருவர் இருக்கிறார்.’ அன்றைக்கு அத்தையின் எதிரே இப்படி ஒரு வரி எரிந்திருந்தால், அவர் பொட்டை எடுத்திருக்க மாட்டார்.